“ஒரு நல்ல புக் சொல்லுங்க”: கதையல்லாத நூல்களைத் தேடிப் பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

மார்கழி பாதி கடந்தால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். சென்னைப் புத்தகக் காட்சி நெருங்குகிறது என்று அர்த்தம். “கதை வேண்டாம்பா, உருப்படியா நாலு புக் சொல்லு” என்பார்கள். முன்பெல்லாம் அதற்கென்றே ஒரு பட்டியல் வைத்திருந்தேன். கேட்டவர் யாராக இருந்தாலும் அதையே அனுப்புவேன். அனுப்பிவிட்டு, ஏதோ ஊருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தவன் போல ஒரு திருப்தி.

அந்தப் பட்டியலின் லட்சணத்தை எனக்குக் காட்டியவர் எங்கள் வீட்டுக்கு வயரிங் வேலைக்கு வரும் தம்பி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அலமாரியைப் பார்த்துவிட்டு, “அண்ணே, நானும் படிக்கிற மாதிரி ஒண்ணு குடுங்களேன்” என்றார். உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நூலைத் தூக்கிக் கொடுத்தேன். தமிழில் அதைவிட நல்ல தன்வரலாறு இல்லை என்பது என் கட்சி. இன்றும் அதில் மாற்றமில்லை. மூன்று மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது புத்தகம் டேபிள் ஃபேனுக்கு அடியில் இருந்தது. காற்று முகத்துக்கு நேராக வர அந்த உயரம் தேவைப்பட்டதாம்.

அன்று டீ குடித்துக்கொண்டே தன் தாத்தாவைப் பற்றிப் பேசினார். பனையேறி. நெஞ்சு முழுக்கக் காய்ப்புக் காய்த்திருக்குமாம். “ஊருக்கே கருப்பட்டி குடுத்த மனுசனை ஏண்ணே எல்லாரும் ஒரு மாதிரி பாத்தாங்க?” என்று கேட்டார். நான் பத்து நாள் யோசித்தாலும் அப்படி ஒரு கேள்வியை உருவாக்கியிருக்க முடியாது. ஆ.சிவசுப்பிரமணியன் எழுதிய ‘பனை மரமே! பனை மரமே!’ நூலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பனைக்கும் தமிழ்ச் சமூகத்துக்கும் உள்ள உறவை, ஏறுபவரின் உழைப்பையும் சாதியையும் சேர்த்துப் பேசுகிற நூல் அது. நான்கே நாளில் போன் வந்தது.

அன்றோடு பட்டியலைக் கிழித்துப் போட்டேன். அதற்குப் பிறகு நான் செய்கிற முறையைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் கேள்வியை எழுதுங்கள்

“வரலாறு படிக்கணும்” என்பது கேள்வி அல்ல. “அறிவியல்ல ஏதாவது” என்பதும் அல்ல. கடையில் போய் “சாப்பிட ஏதாவது” என்றால் என்ன கிடைக்குமோ அதுதான் கிடைக்கும். ஒரு தாளை எடுத்து, கடந்த ஒரு மாதத்தில் உங்களுக்குள் அரித்துக்கொண்டிருந்த விஷயம் ஏதாவது ஒன்றைக் கேள்விக்குறியோடு எழுதுங்கள். எங்கள் ஊர்ச் சாமிக்கு ஏன் சுருட்டுப் படைக்கிறார்கள்? மொட்டை மாடிக்கு வந்துகொண்டிருந்த பறவை ஏன் இப்போது வருவதில்லை? அப்பா இறந்த பிறகு அவர் விட்டுப்போன பங்குப் பத்திரங்களை என்ன செய்வது? காபி எப்போது நம் வீட்டுக்குள் வந்தது?

கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரிகிறதா? ஆ.இரா.வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை நூலே கொண்டுவந்திருக்கிறார். காபி குடிப்பது ஒரு காலத்தில் நாகரிகச் சீர்கேடாகத் திட்டப்பட்டதும், பிறகு அதுவே நடுத்தர வர்க்கத்தின் அடையாளமானதும் படிக்கப் படிக்கச் சிரிப்பும் வியப்புமாக இருக்கும். சின்னக் கேள்விகளுக்குத்தான் பெரிய புத்தகங்கள் இருக்கின்றன.

2. எந்த வகை நூல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்று பாருங்கள்

கடையில் எல்லாவற்றையும் ‘கட்டுரை’ என்ற ஒரே அடுக்கில் போட்டு வைத்திருப்பார்கள். உள்ளே இருப்பவை ஒரே ஜாதி அல்ல. தன்வரலாறு, ஆய்வு நூல், பத்திரிகையில் தொடராக வந்து புத்தகமானது, மொழிபெயர்ப்பு, கையேடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். தொடராக வந்த நூல் ஓட்டமாகப் போகும். சொன்னதையே ஐந்தாவது அத்தியாயத்தில் திரும்பச் சொல்லும். ஆய்வு நூலில் முதல் நாற்பது பக்கம் கரடுமுரடு. அதைத் தாண்டினால் சோலை.

இங்கே ஒரு சின்ன எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். வரலாற்று நூல் பரிந்துரை கேட்டால் பத்தில் நான்கு பேர் ‘வால்காவிலிருந்து கங்கை வரை’ என்பார்கள். ராகுல சாங்கிருத்தியாயன் எழுதிய 20 கதைகள் அவை. அருமையான கதைகள்தான், ஆனால் கதைகள். மீதிப் பேர் ‘பொன்னியின் செல்வன்’ என்பார்கள். அது நாவல் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் சோழர் பற்றிக் கேட்டால் கை தானாக அங்கே போய்விடுகிறது.

போகட்டும், அங்கிருந்தே தொடங்கலாம். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்வியோடு நாவலை மூடி வைத்தவர்கள் நம்மில் ஏராளம். அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில், முதலாம் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது. ‘பாண்டியன் தலைகொண்ட கரிகால் சோழனை’க் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்களைச் சேர்ந்தவர்களின் நிலம் பறிக்கப்பட்டதைச் சொல்கிறது. கே.ஏ.நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ நூலை எடுத்தால் அவருடைய சந்தேகம் உத்தம சோழன் பக்கம் சாய்கிறது. தி.வை.சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ நூலை எடுத்தால் அவர் அதை ஏற்க மறுக்கிறார். சான்று ஒன்று, தீர்ப்பு இரண்டு. இந்த இரண்டு பகுதிகளையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் படித்துப் பாருங்கள். ஐந்து பாக நாவல் தந்த பரபரப்பு நாற்பது பக்கத்தில் கிடைக்கும்.

3. யாரிடம் கேட்பது

நிறையப் படித்தவரிடம் கேட்காதீர்கள். உங்களிடம் திருப்பிக் கேள்வி கேட்பவரிடம் கேளுங்கள்.

தமிழில் நடந்த ஆகப் பெரிய புத்தகப் பரிந்துரை அப்படித்தான் நடந்தது. 1880இல், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த இருபத்தைந்து வயது உ.வே.சா., அங்கே முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் ஆயிற்றே. அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ் என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. இதற்கெல்லாம் முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி தெரியுமா என்று கேட்கிறார். உ.வே.சா. அதுவரை பார்த்ததில்லை. அந்தச் சந்திப்பின் தொடர்ச்சியாக முதலியாரிடமிருந்து சிந்தாமணிப் பிரதி கைக்கு வந்தது. 1887இல் பதிப்பு அச்சேறியது. அதற்குப் பிறகு நடந்தது நாடறிந்தது.

முதலியார் பட்டியல் நீட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். என்ன படித்தாய் என்று முதலில் கேட்டார். இல்லாத இடத்தைக் கண்டுபிடித்தார். அந்த ஓட்டைக்கு ஒரே ஒரு புத்தகம் சொன்னார்.

அப்படி ஒருவர் பக்கத்தில் இல்லை என்றால், உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த ஒரு கட்டுரை நூலின் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். துணைநூல் பட்டியல் என்று ஒன்று இருக்கும். எல்லாரும் தாண்டிப் போகிற பகுதி. அந்த ஆசிரியர் எங்கிருந்து தண்ணீர் மொண்டார் என்று அங்கேதான் தெரியும். இரண்டு மூன்று நூல்களின் பட்டியலில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அடுத்து வாங்க வேண்டியது அதுதான். மயிலை சீனி.வேங்கடசாமியை நான் கண்டுபிடித்தது அப்படித்தான். ‘பௌத்தமும் தமிழும்’, ‘சமணமும் தமிழும்’ இரண்டும் யார் யாருடைய அடிக்குறிப்புகளிலோ எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தன.

4. கடையில் நின்றபடி பதினைந்து நிமிடச் சோதனை

இதை அவசரப்படாமல் செய்யுங்கள். புத்தகக் காட்சியின் பத்து சதவீதத் தள்ளுபடியைவிட இது மிச்சப்படுத்தும் பணம் அதிகம்.

முதலில் தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் பதிப்பு விவரம். ‘முதல் பதிப்பு’ எந்த வருடம்? கையில் இருப்பது திருத்திய பதிப்பா, வெறும் மறு அச்சா? பழந்தமிழ் பற்றிய நூலுக்கு இது பெரிய விஷயமில்லை. பணம், சட்டம், மருத்துவம் பற்றிய நூலுக்கு இதுதான் உயிர். பங்குச் சந்தைக்கு முதல் புத்தகம் என்று பலரும் சோம.வள்ளியப்பனின் ‘அள்ள அள்ளப் பணம்’ நூலைச் சொல்வார்கள். எளிமையாகப் புரியவைப்பதில் அது நியாயமான தேர்வுதான். ஆனால் இந்தத் துறையில் எந்த நூலையும் பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று அள்ளிவிடாதீர்கள். விற்ற பங்குக்கான கணக்கு மறு வேலைநாளே முடியும் முறை 2023 ஜனவரியில்தான் முழுமையாக வந்தது. வரி விகிதங்கள் அதற்குப் பிறகும் மாறியிருக்கின்றன. பழைய பதிப்பை நம்பிக் கணக்குப் போட்டால் கை சுடும்.

அடுத்தது பொருளடக்கம். அத்தியாயத் தலைப்புகளைப் படித்தால் ஒரு வாதம் நகர்வது தெரிகிறதா, அல்லது பொட்டலம் பொட்டலமாகக் கிடக்கிறதா?

வாழ்த்துரை, அணிந்துரை, பாராட்டுரை ஆகிய மூன்றையும் அப்படியே புரட்டிவிடுங்கள். கல்யாண மண்டப வாசலில் சந்தனக் கிண்ணம் நீட்டுவது மாதிரி அது ஒரு மரியாதை; அதை வைத்துச் சாப்பாட்டை மதிப்பிட முடியாது. ஆசிரியரின் முன்னுரையை மட்டும் படியுங்கள். இந்த நூலை ஏன் எழுதினேன் என்பதை இரண்டு பக்கத்தில் அவரால் சொல்ல முடியவில்லை என்றால் இருநூறு பக்கத்திலும் முடியாது.

பிறகு நட்ட நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, ஒரு தகவலைத் தேர்ந்தெடுங்கள். ‘ஆய்வாளர்கள் கூறுகிறார்கள்’ என்று இருக்கிறதா, எந்த ஆய்வாளர், எங்கே, எப்போது என்று இருக்கிறதா? முன்னது நான்கைந்து இடத்தில் தென்பட்டால் திருப்பி வைத்துவிடுங்கள். நம் முன்னோர் எல்லாவற்றையும் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்கிற ரக நூல்களில் ‘ஆய்வாளர்கள்’ பாவம் ஓயாமல் கூறிக்கொண்டே இருப்பார்கள்.

மொழிபெயர்ப்பு நூல் என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு பத்தியை உதடு அசைத்துப் படியுங்கள். “அவர் தனது இருக்கையை எடுத்துக்கொண்டார்” என்று ஒரு நூலில் படித்துவிட்டு, நாற்காலியை எங்கே தூக்கிக்கொண்டு போனார் என்று நான் அடுத்த பத்தி வரை தேடியிருக்கிறேன். உட்கார்ந்தார் என்பதைத்தான் அப்படிப் படுத்தியிருந்தார்கள். மூச்சு முட்டினால் வாங்காதீர்கள். மூலம் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் சரி.

5. ஒரே பொருளில் இரண்டு மூன்றாகப் படியுங்கள்

நான் எல்லாருக்கும் பரிந்துரைக்கும் பயிற்சி இது: உப்பு.

தொ.பரமசிவனின் ‘அறியப்படாத தமிழகம்’ சின்னப் புத்தகம். அதில் உப்பு பற்றிய பகுதி சில பக்கம்தான். சம்பளம் என்ற சொல்லில் சம்பா நெல்லும் அளமும், அதாவது உப்பும், இருப்பதாகச் சொல்வார். உழைப்புக்குக் கூலியாக நெல்லும் உப்பும் அளந்த காலம் அந்த ஒரு சொல்லுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது அவர் வாதம். அந்தப் பக்கத்தைப் படித்த மாதத்தில் சம்பளச் சீட்டைப் பார்க்கும்போது கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது.

அடுத்து ஆ.சிவசுப்பிரமணியனின் ‘உப்பிட்டவரை’. உப்பளம், உப்பு விற்ற உமணர், சடங்கில் உப்பு, பழமொழியில் உப்பு என்று அதே பொருளை விரித்து முழு நூலாக்கியிருக்கிறார்.

மூன்றாவது ராய் மாக்சமின் ‘உப்பு வேலி’, தமிழில் சிறில் அலெக்ஸ். லண்டனில் நூலகம் ஒன்றில் பழைய ஏடுகளைச் செப்பனிடும் வேலையில் இருந்தவர் மாக்சம். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஸ்லீமன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் நினைவு நூலில் ஓர் அடிக்குறிப்பு அவர் கண்ணில் படுகிறது. உப்பு வரியை ஏய்த்து உப்பு கடத்துவதைத் தடுக்க, இந்தியாவின் குறுக்கே பிரிட்டிஷார் ஒரு முள்வேலியை உயிருள்ள செடிகளாலேயே வளர்த்தார்கள் என்கிறது குறிப்பு. சுங்கக் கோட்டின் நீளம் 2,300 மைலுக்கும் மேல். காவலுக்குச் சுமார் 12,000 பேர். 1879இல் கைவிடப்பட்டது. இவ்வளவு பெரிய வேலி எப்படி எல்லார் நினைவிலிருந்தும் மறைந்தது? மனிதர் கிளம்பி இந்தியாவுக்கே வந்து, வரைபடத்தோடு ஊர் ஊராக அலைந்து அதன் மிச்சத்தைத் தேடுகிறார். கிடைத்ததா என்பதைச் சொல்ல மாட்டேன்.

இந்த மூன்றையும் படித்த பிறகு, 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது பள்ளிப் பாடத்தில் வந்த ஒரு வரியாக மட்டும் இருக்காது. ஒரு கைப்பிடி உப்பை ஏன் அவ்வளவு பெரிய அரசு பொருட்படுத்தியது என்று புரிந்துவிடும்.

தன்வரலாறுகளுக்கு இந்த முறை இன்னும் அவசியம். ஈழப் போராட்டம் பற்றிப் படிப்பவர்கள் ஒரு நூலோடு நிறுத்தவே கூடாது. சி.புஸ்பராஜாவின் ‘ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்’ விடுதலைப் புலிகள் அல்லாத வேறு இயக்கத்திலிருந்து வந்தவரின் கணக்கு. தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவில் பொறுப்பில் இருந்தவருடையது. அவர் மறைந்த பிறகு 2016இல் வெளிவந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் தூக்கம் கொஞ்சம் கெடும். படியுங்கள்.

6. காசில்லாமலும் படிக்கலாம்

பண்டாரத்தார், மயிலை சீனி.வேங்கடசாமி போன்றோரின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகத் திறந்து பார்க்கலாம். சங்க இலக்கியம் முதல் பலவற்றுக்கும் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. இலங்கைத் தமிழ் நூலென்றால் ‘நூலகம்’ தளம். 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. அந்த இணையதளத்தில் ஒரு மங்கிய ஸ்கேனைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த எண் ஞாபகம் வரும்.

சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் எழும்பூர் கன்னிமாராவும், மதுரைக்காரர்களுக்கு 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் உண்டு. ஊர்ப்புற நூலகங்களையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் பல கிளை நூலகங்களில் தூசியோடு காத்திருக்கிறது. தகவல் பழசுதான். ஆனால் ஒரு சிக்கலான விஷயத்தைத் தமிழில் எப்படிச் சுருக்கமாகச் சொல்வது என்று அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

7. எங்கே தொடங்குவது என்று இன்னும் தெரியாதவர்களுக்கு

இயற்கை பிடிக்குமென்றால் மா.கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’. கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் 1996 வரை விடாமல் பத்தி எழுதிய மனிதர். தமிழில் எழுதியது குறைவு, அதைத் தொகுத்தவர் தியடோர் பாஸ்கரன். அணிலைப் பற்றி எழுதினாலும் அதில் ஒரு குறும்பு இருக்கும். பிறகு பாஸ்கரனின் சொந்த நூலான ‘இன்னும் பிறக்காத தலைமுறைக்காக’.

உலக அரசியல் என்றால் பா.ராகவனின் ‘நிலமெல்லாம் ரத்தம்’. பாலஸ்தீனம் பற்றியது, பத்திரிகைத் தொடராக வந்ததால் நடை பறக்கும். அறிவியலுக்குச் சுஜாதாவின் ‘தலைமைச் செயலகம்’ மூளை பற்றிப் பேசுகிறது. விஷயம் பழையது, ஆர்வத்தைக் கிளப்பும் வேலையை இன்றும் செய்கிறது. அதைப் படித்துவிட்டு யாருக்கும் வைத்தியம் மட்டும் சொல்லாதீர்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டுக்குள்ளேயே போய் உட்கார வேண்டுமா? ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். 1736 முதல் 1761இல் சாகும் வரை எழுதியிருக்கிறார். முழுத் தொகுதிகளையும் வாங்கி வைத்து மிரளாதீர்கள். நூலகத்தில் ஒரே ஒரு தொகுதியை எடுத்து, நீங்கள் பிறந்த தேதியில் அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று தேடுங்கள். அங்கிருந்து பிடித்துக்கொள்ளும்.

8. விட்டுவிடவும் தெரிய வேண்டும்

ஐம்பது பக்கம் போயும் உங்கள் கேள்விக்குப் பக்கத்தில்கூட வரவில்லையா, மூடிவிடுங்கள். காசு கொடுத்து வாங்கியதே என்று முக்கி முக்கிப் படிப்பவர்கள் அடுத்த புத்தகத்தையே தொடுவதில்லை. கட்டுரை நூலை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்றும் சட்டமில்லை. ‘என் சரித்திரம்’ கனமாகத் தெரிந்தால் முதலியாரைச் சந்திக்கும் அத்தியாயத்தில் நுழையுங்கள். பிறகு நீங்களே முன்னால் போவீர்கள்.

படிக்கும்போது பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த வரிக்குக் கோடு போடுவதைவிட, ஒத்துப்போகாத வரிக்குப் பக்கத்தில் ஏன் என்று இரண்டு வார்த்தை எழுதுவது பிரயோஜனம். உங்கள் சொந்தப் பிரதியில் மட்டும். நூலகப் புத்தகத்தில் எழுதுபவர்களுக்கு என் மன்னிப்பு கிடையாது.

இதை நான் அந்த வயரிங் தம்பியிடம் சொல்ல மறந்துவிட்டேன். அவர் திருப்பிக் கொடுத்த என் பனைப் புத்தகத்தின் ஓரங்களில் ஏழெட்டு இடத்தில் பென்சில் எழுத்து. “எங்க பக்கம் இதுக்கு வேற பேரு. அம்மாட்ட கேட்டு எழுதுறேன்” என்று ஓரிடத்தில் இருந்தது. கோபப்பட வாய் வரவில்லை. “கேட்டாச்சா தம்பி?” என்றேன். “அம்மாவுக்கும் மறந்துட்டுண்ணே. சித்தப்பாட்ட கேக்கணும். புக்கை இன்னொரு வாட்டி தாங்களேன்” என்றார்.